சினிமாவில் நடித்த வாஷிங் மெஷின்

கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டூடியோவை மூடிவிட்டு அடுக்குமாடி கட்டப்போகிறார்கள், உள்ளே இருக்கிற சாமானையெல்லாம் வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள் என்று பேங்கில் யாரோ சொன்னதை நம்பி, என் வீட்டுக்காரர் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஈஸிசேர் வாங்கப் போனார். தொண்ணூற்று மூன்றோ நாலோ இருக்கும். ஜமீன்தார் வேஷக்காரர்கள் உட்கார்ந்த தேக்கு ஈஸிசேர் கிடைத்தால் விடாதீங்கோ என்று சொல்லி அனுப்பியது நான்தான்.

சாயங்காலம் வாசலில், மீன் ஏற்றுகிற ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டி வந்து நின்றது. மயிலாப்பூரில் எங்கள் தெருவுக்குள் மீன்பாடி வண்டி நுழைவதே ஒரு செய்தி. எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. வண்டியின் விளிம்பில் என் வீட்டுக்காரர், பெண்ணை அழைத்துக்கொண்டு வரும் மாப்பிள்ளை மாதிரி, பழைய ஜமுக்காளம் சுற்றிய எதையோ அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். வண்டிக்காரரும் தெருமுனை இஸ்திரிக்காரரும் சேர்ந்து அதை இறக்கினார்கள். ஜமுக்காளத்தை உருவியதும் வெள்ளை எனாமல் பூசிய ஒரு பெட்டி, முகத்தில் வட்டமாகக் கண்ணாடிக் கதவு, மேலே மூன்று பெரிய திருகு.

என் மாமியார் நிலைப்படியைத் தாண்டாமல் எட்டிப் பார்த்தார்.

"ஏன்டா, ஈஸிசேர் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு பேக்கரி அடுப்பைத் தூக்கிண்டு வந்திருக்கியே?"

"அடுப்பு இல்லம்மா. வாஷிங் மெஷின். ஆட்டோமேட்டிக். ஜெர்மனிலேர்ந்து அந்தக் காலத்துலயே வரவழைச்சிருக்கா. மூணு படத்துல நடிச்சிருக்கு."

"நடிக்கறதுக்கு வாங்கினதா, தோய்க்கறதுக்கா?"

ஸ்டூடியோவில் அவரும் இதைக் கேட்கவில்லை. பணக்காரக் கதாநாயகி வீட்டு ஹாலில், சோபாவுக்கும் மாடிப்படிக்கும் நடுவில், இந்த மெஷின் நிற்குமாம். வாஷிங் மெஷினை எந்த வீட்டில் ஹாலில் வைப்பார்கள் என்று படம் பார்த்த யாரும் கேட்கவில்லை. யாரும் அதைப் பார்த்ததே இல்லையே. அவருக்கும் அதை எங்கள் ஹாலில் வைக்கத்தான் ஆசை. பூஜை அலமாரிக்கு நேர் எதிரே வருகிறது என்று மாமியார் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டதால், பின்கட்டில் குளியலறைக்குப் பக்கத்தில் போய் நின்றது.

என் வீட்டுக்காரரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பேங்கில் அக்கவுண்டன்ட். தன் கைக்குட்டையைக்கூடத் தோய்த்தவர் இல்லை. ஆனால் கையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தால் முகத்தில் ஒரு தேஜஸ் வந்துவிடும். அதற்கு முன்னால் இரண்டு மிக்ஸி, ஒரு ரேடியோ, மாமியாரின் காது மெஷின் எல்லாம் அவர் கையால் நற்கதி அடைந்திருந்தன. காது மெஷின் போனதில் மட்டும் எனக்கு வருத்தம் இல்லை.

மறுநாள் காலை காபி குடித்த கையோடு மெஷினின் கதவைத் திறந்தார். திறந்தவர் உள்ளே கைவிட்டு, "ஐயோ!" என்று பின்வாங்கினார்.

"என்னன்னா?"

"எலி. செத்துப்போன எலி."

மாமியார் உள்ளேயிருந்து "ராமா, ராமா" என்றார். எங்கள் வீட்டில் துணி துவைத்து, பாத்திரம் தேய்க்க வருகிறவள் அப்போதுதான் வந்திருந்தாள். கால்வாய் ஓரத்துக் குடிசைகளில் ஒன்றில் இருந்தாள். என்னைவிட நாலைந்து வயது பெரியவள். எலிக்கு அஞ்சுகிற ஜாதி இல்லை. துடைப்பக் குச்சியால் அதை வெளியே இழுத்துப் போட்டாள். தரையில் குப்புற விழுந்ததைக் குச்சியால் புரட்டிப் பார்த்தாள்.

"எலி இல்ல சார். மீசை."

ஒட்டு மீசை. கடைசியாக எந்த வில்லன் கழற்றி வைத்தானோ. அதன் பின்னால் ஒரு பல்ப் ஹோல்டரும் வந்தது. மெஷின் ஓடுவதுபோல் காட்ட உள்ளே விளக்கைப் போட்டுவிட்டு, பின்னாலிருந்து யாரோ கையால் சுற்றியிருக்கிறார்கள். ஆக, முப்பது வருஷத்துப் பழைய மெஷின் ஒரு சொட்டுத் தண்ணீரைப் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். "பழசுன்னு சொல்லாதே. புதுசு. உபயோகப்படுத்தாத புதுசு."

உபயோகப்படுத்தாத புதுசைப் பழுது பார்க்க, மாடியில் குடியிருந்த மாமா இறங்கி வந்தார். ரயில்வே ஒர்க்ஷாப்பில் பெரிய பதவியில் இருந்து ரிடையர் ஆனவர். ரிடையர் ஆன நாளிலிருந்து தெருவில் எதுவும் அவர் மேற்பார்வை இல்லாமல் ரிப்பேர் ஆகக் கூடாது என்று வைத்திருந்தார். அவர் கை வைத்ததும் தெருக்குழாய்கூட ரயில் மாதிரி கூவ ஆரம்பித்தது என்று மாமி, அதாவது அவர் சம்சாரம், சொல்வார். மெஷினை இரண்டு சுற்று சுற்றிவந்து, பக்கவாட்டில் தட்டிப் பார்த்துவிட்டு, "ஷண்டிங் என்ஜினைவிட இது சிம்பிள்" என்றார். எங்களுக்கு ரொம்ப தைரியமாகிவிட்டது.

பின்பக்கத் தகட்டைக் கழற்றினார்கள். மோட்டார் இருந்தது, பெல்ட் இருந்த இடம் இருந்தது. கதவைச் சுற்றியிருந்த ரப்பர், தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. அதற்கு அப்புறம் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் சாமான் தேடலில் போயின. பெல்ட்டுக்கு மாவரைக்கிற கிரைண்டர் பெல்ட்டே போதும் என்று மாமா சொன்னார், அது சரியாகவே இருந்தது. மோட்டாரைக் கிளப்புகிற கண்டென்சர் ரிச்சி தெருவில் கிடைத்தது. கதவு ரப்பர்தான் எங்கும் இல்லை. கடைசியில் ஈக்காட்டுத்தாங்கலில், பஸ்களுக்கு ஜன்னல் ரப்பர் செய்யும் ஒரு பட்டறையில், அளவு கொடுத்துச் செய்யச் சொன்னார்கள். பட்டறைக்காரர், "எந்த பஸ்சுக்கு சார் இது, வட்டமா ஜன்னல்?" என்று கேட்டாராம். வாஷிங் மெஷினுக்கு என்று சொல்ல என் வீட்டுக்காரருக்குக் கூச்சம். "கப்பலுக்கு" என்று மாமா சொல்லிவிட்டார். கப்பலுக்கு என்றதும் பட்டறைக்காரர் இரண்டு மடங்கு தடிமனாகச் செய்து கொடுத்துவிட்டார். கதவை மூட இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

நடுவில் இன்னொன்று நடந்தது. மெஷினுக்குள், டிரம்முக்கு மேலே, ஒரு பெரிய சிமெண்ட் பாளம் திருகி வைக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்து இரண்டு பேரும் சிரியோ சிரி என்று சிரித்தார்கள்.

"பாத்தியாப்பா, சினிமாக்காரன் புத்தி? உள்ள ஒண்ணும் இல்லேன்னு தெரியக் கூடாதுன்னு வெயிட்டுக்கு சிமெண்ட்டை அடைச்சு வெச்சிருக்கான்!" என்றார் மாமா.

"எடைக்கு எடை இரும்புன்னு நெனச்சு நானும் ஏமாந்துட்டேன் மாமா."

பாளத்தைக் கழற்றி வெளியே போட்டார்கள். நாலு மூலையும் சமமான நல்ல பாளம். மாமியார் அதை உடனே மொட்டைமாடிக்கு அனுப்பிவிட்டார். வடாம் காயவைக்கும் துணி பறக்காமல் இருக்க ஒரு கல் வேண்டும் என்று அவர் எத்தனையோ நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மெஷினை முதன்முதலாக ஓட்டிய அன்று பேங்கில் லீவு போட்டிருந்தார். குழாயைத் திறந்து, சோப்புத் தூள் போட்டு, துணி எதுவும் போடாமல் வெறுமனே ஓடவிட்டார்கள். மேல்தொட்டியில் தண்ணீர் பாதிதான் இருந்தது. லாரி மறுநாள்தான். தண்ணீர் நூலாக இறங்கியது. மெஷின் கோபிக்கவில்லை. வேண்டிய அளவு வரும்வரை ஓடாமல் அப்படியே காத்துக்கொண்டிருந்தது. ஜெர்மன்காரன் நம்ம ஊரை நினைத்துத்தான் செய்திருக்கிறான் என்று எனக்குத் தோன்றியது. நிறைந்ததும் இந்தப் பக்கம் நாலு சுற்று, அந்தப் பக்கம் நாலு சுற்று என்று அடக்கமாகத் துவைத்தது. கண்ணாடியில் நுரை ஏறியது. என் வீட்டுக்காரரும் மாமாவும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

அப்புறம் பிழிய ஆரம்பித்தது.

முதலில் ஒரு உறுமல். பிறகு முழு மெஷினும் அதிர்ந்து, ஒரு குதி குதித்து, கிளம்பிவிட்டது. குழாயைப் பிடுங்கிக்கொண்டு, நேராகச் சமையலறை வாசலை நோக்கி வந்தது. மாமியார் கையில் தோசைத் திருப்பியோடு நின்றிருந்தார். "டேய், வரதுடா! உள்ள வரதுடா!" என்று அவர் கத்த, மாமா அதன் மேல் விழுந்து இரு கைகளாலும் அணைத்துப் பிடித்தார். அவரையும் சேர்த்துக்கொண்டு அது ஒரு முழம் நகர்ந்தது. நான் ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தேன். மாமாவின் மூக்குக்கண்ணாடி எங்கோ போயிருந்தது.

"பவுண்டேஷன் இல்ல," என்றார் அவர் மூச்சு வாங்கிக்கொண்டே. "எந்த மெஷினுக்கும் பவுண்டேஷன் வேணும்."

மொட்டைமாடியிலிருந்து சிமெண்ட் பாளம் மறுபடி கீழே வந்தது. மெஷின் ஆடாமல் இருக்கக் கம்பெனிக்காரனே வைத்தது அது என்று அப்போதுதான் புரிந்தது. அதைத் திருகிய பிறகும் மெஷின் நடந்தது, கொஞ்சம் மெதுவாக, அவ்வளவுதான். உடனே மாமா எங்கிருந்தோ ஒரு பழைய ரயில் தண்டவாளக் கட்டையைக் கொண்டுவந்தார். மெஷினை அதன்மேல் ஏற்றி, இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை போட்டு இறுக்கினார். அடுத்த முறை மெஷின் கட்டையோடு நடந்தது. தரையில் விழுந்த கீறல் இப்போதும் அந்த வீட்டில் இருக்கும். கயிற்றால் ஜன்னல் கம்பியில் கட்டிப் பார்த்தார்கள். ஜன்னல் கம்பி வளைந்தது. மாமியார் தினமும் காலையில், கோயில் யானையைப் பார்ப்பதுபோல், தூர நின்று கட்டு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பின்கட்டுக்குப் போவார்.

தீர்வு வந்தது என் வீட்டுக்காரரின் பெருமையால். அடையாறிலிருந்து என் ஓர்ப்படியும் மச்சினரும் மெஷினைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பின்பக்கமும் பளபளவென்று இருக்க வேண்டும் என்று அதற்கு வெள்ளை பெயிண்ட் அடிக்க ஆரம்பித்தார். பின்னால் சிவப்பாக நாலு பெரிய போல்ட்டுகள் துருத்திக்கொண்டிருந்தன. பிரஷ்ஷுக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று கழற்றி ஜன்னலில் வைத்தார். பெயிண்ட் காய்ந்தது. போல்ட்டுகளை மறந்துவிட்டார்.

அன்று மாலை மெஷின் ஓடியது. பிழியும் நேரம் வந்ததும் மாமா பாய்வதற்குத் தயாராக நின்றார். ஒரு 'ங்ங்' சத்தம். மெஷின் இருந்த இடத்திலேயே நின்று, உள்ளே டிரம் மட்டும் விசிறி மாதிரி சுற்றியது. மேலே வைத்திருந்த டம்ளரில் காபிகூடச் சிந்தவில்லை.

அப்போது மாமாவின் கண் ஜன்னலில் விழுந்தது.

"இது என்ன போல்ட்?"

"பின்னாடி இருந்தது மாமா. போட மறந்துட்டேன்."

"நாலு போல்ட் மிஞ்சிடுத்தா? மெஷினை அசெம்பிள் பண்ணி நாலு போல்ட் மிஞ்சினா நீ ரயில்ல போவியா? போடுப்பா அதை முதல்ல!"

போட்டார்கள். மெஷின் ஓடியது. பிழியும்போது கட்டை, பட்டை எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு நடந்தது. கழற்றினார்கள். சாதுவாக நின்றது. மறுபடி போட்டார்கள். நடந்தது. கப்பலில் வரும்போது டிரம் ஆடாமல் இருக்க மாட்டியது அது, வந்து இறங்கியதும் கழற்ற வேண்டியது என்று எனக்கே அப்போது புரிந்துவிட்டது. சினிமாவில் யாரும் கழற்றவில்லை. துவைக்கப் போகிறவர்கள்தானே கழற்றுவார்கள்?

"கப்பல் போல்ட்டுதான் மாமா இது. கழட்டிடணும்," என்றேன்.

"நீ கணக்கு டீச்சர்," என்றார் அவர். "ஒரு மெஷின்லேர்ந்து நாலு போல்ட்டைக் குறைச்சா அது நன்னா ஓடும்னு உங்க கணக்குல வேணா வரலாம். என் சர்வீஸ்ல வராது."

என் வீட்டுக்காரர் போல்ட்டுகளை எடுத்துத் தன் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். மாமா அதைப் பார்த்தார். தன் தண்டவாளக் கட்டையைத் தானே தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார். அதற்கப்புறம் ரொம்ப நாள் எங்களோடு பேச்சு இல்லை. மாடிப்படியில் எதிரே வந்தால் என்னைப் பார்த்து, "ஓடறதா?" என்று மட்டும் கேட்பார். "ஓடறது மாமா" என்றால், நம்பாத மாதிரி தலையாட்டிவிட்டுப் போவார்.

இனிமேல்தான் உண்மையான சிக்கல்.

மெஷின் தயார். ஞாயிற்றுக்கிழமை காலை. என் வீட்டுக்காரர் குளித்து, விபூதி இட்டுக்கொண்டு, மெஷினுக்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்து, "துணியைக் கொண்டா" என்றார்.

"உங்க சட்டையைப் போடுங்கோ," என்றேன்.

"என் சட்டையா? பேங்குக்குப் போட்டுண்டு போற சட்டைடி. காலர் நலுங்கிப்போகும். உன் புடவை ஏதாவது போடேன்."

என்னிடம் இருந்தவை சுங்குடியும் வெங்கடகிரியும். சாயம் போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தேன். மாமியாரிடம் கேட்பதற்கே இல்லை. அவர் மடிக்காரர். குளித்துவிட்டுத் தானே நனைத்துத் தானே பிழிந்து, கொம்பால் தூக்கிக் கொடியில் போட்டு, யார் கையும் படாமல் உலர்ந்த புடவையைத்தான் காலையில் கட்டிக்கொள்வார்.

"அம்மா, கையே படாம தோய்க்கறது. இதைவிட மடி உண்டா?" என்று என் வீட்டுக்காரர் வக்கீல் மாதிரி வாதாடிப் பார்த்தார்.

"இதுக்குள்ள யார் யார் துணியெல்லாம் போட்டாளோ."

"யாரும் போடலம்மா. நடிச்சதோட சரி."

"சினிமாக்காரா மீசை இருந்துதேடா!"

அதற்குமேல் வாதம் இல்லை. மாசக்கணக்கில் அலைந்து, ஈக்காட்டுத்தாங்கல் வரை போய், ஒரு சிநேகத்தையும் இழந்து ஓடவைத்த மெஷினுக்குள் போட எங்கள் வீட்டில் ஒரு துணி இல்லை. கால்மிதியைப் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தோம். துவைக்கிற கல்லில் என் வீட்டுக்காரரின் சட்டைகளைக் கும்மிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"யம்மா, எங்க வூட்ல ரெண்டு ஜமுக்காளம் கீது. மழைல நனைஞ்சி நாறிப்போச்சி. தண்ணியில போட்டா கல்லு கனம் கனக்குது, என்னால அலசவே முடியல. அத இதுல போட்டுப் பாக்கட்டா?"

மாமியார் இருந்த திசையிலிருந்து ஒரு பெருமூச்சு. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான், "எடுத்துண்டு வா" என்றேன். தாராள மனசெல்லாம் இல்லை. அந்த மெஷின் ஒரு தடவையாவது துணியோடு சுற்றுவதைப் பார்க்க எனக்கு ஆசை.

கொண்டுவந்தாள். போட்டோம். கதவை நானும் அவளும் சேர்ந்து அழுத்தி மூடினோம். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு நேரே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாம்மா நின்னுடிச்சி?"

"ஊறறது."

"நான் ஊற வெச்சா சோம்பேறின்னு பெரிய மாமி சொல்லும். இது ஊற வெச்சா மிசினா?"

கொஞ்ச நேரம் கழித்து, "இத்தினி நேரமா? இதுக்குள்ள நான் மூணு வூட்டுத் துணி தொவச்சிருப்பேன்" என்றாள். ஆனால் எழுந்து போகவில்லை. கறுப்புத் தண்ணீர் குழாய் வழியாகத் தென்னை மரத்தடிக்குப் போவதையும், அடுத்த தண்ணீர் சாம்பல் நிறமாகப் போவதையும், கடைசித் தண்ணீர் தெளிந்து போவதையும் பார்த்தாள். பிழிந்து முடிந்ததும் ஜமுக்காளத்தை எடுத்து உதறி மோந்தாள்.

"யம்மா, இது மெய்யாலுமே சிவப்புக் கலரா! எங்க வூட்டுக்காரு பிரவுனுன்னு நெனச்சிகினு கீறாரு."

அன்று மாமியார் தீர்ப்புச் சொன்னார். "தீந்தது. இனிமே அந்த மெஷினும் மடியில்லை, அது நிக்கற எடமும் மடியில்லை."

இப்படித்தான் எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு தானாக அமைந்தது. வாரத்துக்கு ஒருமுறை தன் வீட்டுத் துணியை மூட்டையாகக் கொண்டுவருவாள். மெஷினில் போட்டு, திருகைத் திருப்பிவிட்டு, பக்கத்தில் கல்லில் உட்கார்ந்து எங்கள் துணியைக் கையால் துவைப்பாள். அவள் வீட்டுக்காரரின் லுங்கி ஜெர்மன் மெஷினில் வெதுவெதுப்பான தண்ணீரில் சுற்றும். பேங்க் அக்கவுண்டன்டின் சட்டை கல்லில் அடி வாங்கும். நாங்கள் மூன்று பேரும் படித்தவர்கள். ஒருத்தருக்கும் இதில் ஏதோ தலைகீழாக இருப்பதாகப் படவில்லை. என் வீட்டுக்காரர் பேங்கில், "ஆத்துல ஆட்டோமேட்டிக் இருக்கு சார், வாரா வாரம் ஓடறது" என்று சொல்லிக்கொள்வார். அது பொய்யும் இல்லை.

அடையாறு ஓர்ப்படி வந்த அன்றைக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. புதிதாக இந்திய மெஷின் ஒன்று வாங்கியிருந்தாள் அவள். எங்களுடையதைக் குறைசொல்லத்தான் வந்திருந்தாள். கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தவள், "என்ன மன்னி, இவ்ளோ கலர் கலரா லுங்கி? அண்ணா லுங்கி கட்ட ஆரம்பிச்சுட்டாரா?" என்றாள்.

"ராத்திரி மட்டும்," என்றார் என் வீட்டுக்காரர், நான் வாய் திறப்பதற்குள்.

மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கல்லடியில் இருந்தவள் சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்த தலை நிமிரவில்லை. அவள் தோள் மட்டும் குலுங்கியது. ஓர்ப்படி போன பிறகு அவரைப் பார்த்து, "சார், நாளைக்கு ரெண்டு வெச்சிட்டுப் போறேன், ராத்திரிக்குக் கட்டிக்கோ" என்றாள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மூன்று நான்கு வருஷம் இப்படி ஓடியது. பிறகு கால்வாய் ஓரத்துக் குடிசைகளை எடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. வழக்கமான பேச்சுதான் என்று நாங்கள் நினைத்தோம். ஒருநாள் நிஜமாகவே லாரி வந்தது. ஊருக்கு வெளியே எங்கேயோ அடுக்குமாடியில் அவளுக்கு ஒரு அறை கொடுத்திருந்தார்கள். அங்கிருந்து மயிலாப்பூருக்கு வேலைக்கு வர முடியாது. சொல்லிக்கொள்ள வந்தாள்.

என் வீட்டுக்காரர் அன்று ரொம்ப உணர்ச்சிவசப்பட்டுவிட்டார். "இந்த மெஷினை நீயே எடுத்துண்டு போயிடு" என்றார். சொன்ன பிறகு அவருக்கே தன்மேல் ஒரு மதிப்பு வந்தது தெரிந்தது.

அவள் மெஷினைப் பார்த்தாள். கதவு ரப்பரை விரலால் ஒருமுறை துடைத்தாள்.

"வேணாம் சார். மூணாவது மாடி. இந்தப் பாறாங்கல்ல எவன் தூக்குவான்? அங்க கொழாயில தண்ணியும் வர்ல, லாரிதான்னு சொல்றாங்க. கொடத்துல எடுத்துகினு மாடி ஏறணும். இதுக்கு ஊத்தி மாளுமா?"

என்னிடம் ஒரு பழைய பித்தளைக் குடத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அவள் தெருமுனை திரும்பும்வரை நான் வாசலில் நின்றேன். உள்ளே வந்து பார்த்தால், கல்லடியில் அன்றைய துணி அப்படியே ஊறிக்கொண்டிருந்தது.

வேறு ஆள் கிடைக்கவில்லை. கால்வாய்க் கரையே காலியாகிவிட்டது. தெருவில் எல்லா வீட்டிலும் அதே கதை. சம்பளம் எவ்வளவானாலும் தருகிறோம் என்று மாமிகள் கோயில் வாசலில் பேசிக்கொண்டார்கள். யாரிடம் தருவது? நான் பள்ளிக்கூடத்துக்குப் போவதற்கு முன் இரண்டு நாள் கல்லில் துவைத்தேன். மூன்றாம் நாள் தோள் தூக்க முடியவில்லை. என் புடவை, அவர் சட்டை எல்லாவற்றையும் அள்ளி மெஷினில் போட்டுத் திருகைத் திருப்பினேன். இத்தனை வருஷத்தில் கப்பல் ரப்பரும் நசுங்கி, கதவு ஒரு கைக்கே மூடியது. சாயமும் போகவில்லை, காலரும் நலுங்கவில்லை.

மாமியார் ஒரு வாரம் தாக்குப்பிடித்தார். எழுபது வயதில் ஒன்பது கஜத்தைப் பிழிவது லேசில்லை. ஒருநாள் பள்ளியிலிருந்து வந்தபோது பின்கட்டில் 'ங்ங்' என்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மெஷின் முன்னால் மனைப்பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்குள் அரக்குப் புடவை சுற்றிக்கொண்டிருந்தது.

"மடி?" என்றேன் மெதுவாக.

"கடைசியில ஒரு செம்பு ஜலத்துல நான் கையால அலசிடுவேன். அப்போ மடிதான். சாஸ்திரத்துல மெஷினைப் பத்தி ஒண்ணும் சொல்லலை," என்றார். அத்தோடு அந்த விவகாரம் முடிந்தது.

முடிந்தது மட்டும் இல்லை, மெஷின் அவருடைய அதிகாரத்துக்குள் போய்விட்டது. நான் திருகைத் தொட்டால், "இரு, இரு, அது அப்படியில்லை" என்பார். என் வீட்டுக்காரர் ஸ்க்ரூடிரைவரோடு அந்தப் பக்கம் போகவே தடை. மாடி மாமிக்கும் தெருவில் நாலு பேருக்கும் டெமான்ஸ்ட்ரேஷன் நடந்தது. மாமாகூட ஒருநாள் மாமியோடு இறங்கி வந்து, பிழிகிற நேரம் முழுக்க நின்று பார்த்தார், காபி குடித்துவிட்டுப் போனார்.

ஒரு பொங்கலுக்கு அடுத்த நாள், முன்பு எங்கள் வீட்டில் துவைத்துக்கொண்டிருந்தவள் எங்களைப் பார்க்க வந்தாள். இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். மெலிந்திருந்தாள். அங்கே ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிறாளாம். வீட்டுக்காரருக்கு வேலை இல்லை. "ஜன்னலாண்ட நின்னா காத்து வருதும்மா, அது ஒண்ணுதான்" என்றாள். கரும்பும் சர்க்கரைப் பொங்கலும் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் பின்கட்டுக்குப் போனவள், மெஷின் ஓடுவதைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இன்னா மாமி, நீயே போடறியா?"

மாமியார் எழுந்து வந்தார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"இதோ பாருடி, இந்த முதல் திருகு இருக்கே, இதை முள் வலப்பக்கம் போற மாதிரிதான் திருப்பணும். மாத்தித் திருப்பினா கெட்டுப்போயிடும். பவுடரை மொத்தமா கொட்டக் கூடாது. ஜமுக்காளம் மாதிரி கனமானதை ஒத்தையா போடாதே, கூட இன்னொண்ணு போடணும், இல்லேன்னா ஒரு பக்கமா சாஞ்சுக்கும். பாதியில நின்னா பயப்படாதே. அது நிக்கலை, ஊறறது."

நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு மாமியார் பக்கம் திரும்பி, முகவாயில் விரலை வைத்துக்கொண்டு, மிகவும் கவனமாகக் கேட்டாள்.

"அப்டியா மாமி? அப்பால இன்னா பண்ணும்?"